7. வீடு கட்டக் கடன் கேட்கும் வாக்குச்சீட்டு

நவம்பர் தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு வாக்காளர் கையேடு தபாலில் வந்து விழும். அதிபர், செனட்டர் பெயர்களைத் தாண்டிப் புரட்டினால் ‘மெஷர்’, ‘ப்ரொபசிஷன்’ என்று எழுத்தும் எண்ணுமாக ஒரு வரிசை இருக்கும். கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் அந்த வரிசையில் அடிக்கடி பார்ப்பது வீட்டுவசதிக் கடன் பத்திரம். குறைந்த வருமானக்காரர்களுக்கு வாடகை வீடு கட்ட நகரமோ கவுண்டியோ கடன் வாங்கலாமா, அதை உங்கள் சொத்து வரியிலிருந்து அடைக்கலாமா என்பதுதான் கேள்வி. நம்மவர்களில் பலர் இந்த இடத்தில் முதல் வரியோடு நின்றுவிடுகிறார்கள். ஏழைகளுக்கு வீடு என்றதும் ஒரு சாராரின் பேனா ‘ஆம்’ பக்கம் போகிறது. வரி என்ற சொல்லைக் கண்டதும் இன்னொரு சாரார் ‘இல்லை’ போட்டுவிடுகிறார்கள். இரண்டுமே பத்திரத்தைப் படிக்காமல் போட்ட ஓட்டுதான். நல்ல பத்திரமும் உண்டு, அரைகுறைப் பத்திரமும் உண்டு. இரண்டையும் பிரித்தறிய என்னென்ன பார்க்க வேண்டும் என்பதை இந்த அத்தியாயம் சொல்கிறது.

யார் கடன், யார் அடைப்பது

2025-ல் சென்னை மாநகராட்சி மழைநீர் வடிகாலுக்காக 200 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டபோது சென்னைவாசி யாரும் அதற்கு வாக்களிக்கவில்லை. கலிஃபோர்னியாவில் அப்படிச் செய்ய முடியாது. சொத்து வரியைக் கூட்டி அடைக்கும் பொதுக் கடன் பத்திரத்தை ஒரு நகரமோ கவுண்டியோ வெளியிட வேண்டுமானால் வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதிக்க வேண்டும். பள்ளிக்கூடப் பத்திரங்களுக்கு 2000-ம் ஆண்டிலிருந்து 55 விழுக்காடு போதும், வீட்டுக்குப் போதாது. அதையும் 55-ஆகக் குறைக்கக் கேட்ட ப்ரொபசிஷன் 5-ஐ 2024 நவம்பரில் மக்கள் நிராகரித்தார்கள்.

இந்த உயரம் சிறியதல்ல. 2016-ல் சான்டா கிளாரா கவுண்டியின் மெஷர் ஏ, 95 கோடி டாலர் பத்திரம், ஏறக்குறைய 68 விழுக்காடு பெற்றுத் தப்பிப் பிழைத்தது. சன்னிவேலிலும் சான் ஹோசேயிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் தங்கள் சொத்து வரிச் சீட்டைப் பார்த்தால் கவுண்டி வீட்டுவசதிப் பத்திரத்துக்கென்று ஒரு வரி இருக்கும். அது இதுதான். ஃப்ரீமாண்ட் பக்கம் இருப்பவர்களுக்கு அதே ஆண்டு அலமேடா கவுண்டியில் நிறைவேறிய 58 கோடி டாலர் மெஷர் ஏ1. வளைகுடாப் பகுதியின் ஒன்பது கவுண்டிகளையும் சேர்த்து 2,000 கோடி டாலருக்குக் கடன் கேட்கும் திட்டம் ஒன்று 2024 வாக்குச்சீட்டில் ஏற இருந்தது. ஆகஸ்டில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

மாநில அளவிலான பத்திரம் வேறு வகை. அதற்குப் பாதிக்கு மேல் ஒரு ஓட்டு போதும். அடைப்பதும் உங்கள் சொத்து வரி அல்ல, மாநிலத்தின் பொது வருவாய். 2024 மார்ச்சில் 638 கோடி டாலருக்கான ப்ரொபசிஷன் 1 ஐம்பது விழுக்காட்டைத் தொட்டும் தொடாமலும் தாண்டியது. 2018-ல் நிறைவேறிய 200 கோடி டாலர் பத்திரம் இன்னொரு மாதிரி: ஆண்டு வருமானம் பத்து லட்சம் டாலருக்கு மேல் போகிறவர்களிடம் மனநல மருத்துவத்துக்காக ஏற்கெனவே வாங்கப்பட்டு வந்த ஒரு விழுக்காடு வரியிலிருந்து அதை அடைக்கிறார்கள். ஆகவே ‘பத்திரம்’ என்ற சொல்லைக் கண்டதும் வீட்டு வரி ஏறும் என்று முடிவுகட்ட வேண்டாம். எந்த வருவாய் ஈடு என்று முதலில் பாருங்கள்.

உங்கள் பங்கு

உள்ளூர்ப் பத்திரத்தோடு வரிவீத அறிக்கை ஒன்று கட்டாயம் இணைக்கப்பட்டிருக்கும். ஒரு லட்சம் டாலர் மதிப்புக்கு ஆண்டுக்கு எவ்வளவு, அசலும் வட்டியுமாக மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்ட நேரும் என்ற மதிப்பீடுகள் அதில் இருக்கும். பிரசாரத் துண்டறிக்கைகளை விட்டுவிட்டு இந்த ஒரு பக்கத்தைப் படித்தாலே போதும்.

லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 2016-ல் கேட்ட 120 கோடி டாலருக்கு, ஒரு லட்சம் டாலர் மதிப்புக்கு ஆண்டுச் சராசரி பத்து டாலருக்குச் சற்றுக் குறைவு என்று மதிப்பிட்டார்கள். எட்டு லட்சம் மதிப்புள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 80 டாலருக்குள். இங்கே மதிப்பு என்பது விற்பனை விலை அல்ல, கவுண்டி பதிவேட்டில் உள்ள வரி மதிப்பு. 1978-ன் ப்ரொபசிஷன் 13 அந்த மதிப்பு ஆண்டுக்கு இரண்டு விழுக்காட்டுக்கு மேல் ஏறாமல் கட்டிப்போட்டிருக்கிறது. அதனால் முப்பது வருடம் முன்பு வீடு வாங்கிய பக்கத்து வீட்டுப் பெரியவர் கட்டுவதைப் போலச் சில மடங்கு, போன வருடம் வாங்கிய நீங்கள் கட்டுவீர்கள். இது நியாயமா என்பது வேறு சண்டை. பத்திரத்தின் மேல் அந்தக் கோபத்தைக் காட்டிப் பயனில்லை.

வாடகைக்கு இருப்பவர்களுக்கும் இதில் பங்குண்டு. சான் பிரான்சிஸ்கோவில் வாடகைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட வீடுகளில், இப்படிப்பட்ட பத்திரங்களால் ஏறும் வரியில் பாதியை உரிமையாளர் குடியிருப்பவர் மேல் ஏற்றலாம். உங்கள் ஊரின் விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

120 கோடி என்றால் மறுநாளே 120 கோடியும் கைக்கு வந்துவிடாது. திட்டங்கள் தயாராகத் தயாராகத் தவணை தவணையாகப் பத்திரம் வெளியாகும். வட்டிக்கு வருமான வரி விலக்குள்ள பத்திரமானால், திரட்டிய பணத்தின் பெரும்பகுதியை மூன்று ஆண்டுக்குள் செலவழித்துவிட முடியும் என்ற நியாயமான எதிர்பார்ப்பு இருக்க வேண்டும் என்பது கூட்டாட்சி விதி. சும்மா வாங்கிப் பூட்டி வைத்து வட்டி சம்பாதிக்கக் கூடாது. அதனால் ‘வாக்களித்து மூன்று வருடமாயிற்று, இன்னும் பாதிப் பணம்கூட எடுக்கவில்லை’ என்று செய்தி வந்தால் அது தானாகவே ஊழலுக்கு அறிகுறி ஆகாது.

எந்த ஏழைக்கு?

கையேட்டில் வரும் ‘கட்டுப்படியாகும் வீடு’ என்பது ஒற்றைச் சொல்லாகத் தெரிந்தாலும் உள்ளே பல படிகள் உண்டு. அளவுகோல் அந்த வட்டாரத்தின் இடைநிலை வருமானம். அதில் 80 விழுக்காட்டுக்குள் சம்பாதிப்பவர் குறைந்த வருமானக்காரர், 50-க்குள் என்றால் மிகக் குறைந்த வருமானக்காரர், 30-க்குள் என்றால் அடிமட்டம். சான்டா கிளாரா கவுண்டியில் 2024-ல் நால்வர் குடும்பத்துக்கு இடைநிலை வருமானம் 1,84,300 டாலர். அங்கே 80 விழுக்காடு என்பது ஒன்றரை லட்சம் டாலருக்கு அருகில் வருகிறது, 30 விழுக்காடு சுமார் 55,000. ஒரே பத்திரத்தில் ஒரு தொடக்கநிலை இன்ஜினியரும் கடையில் துப்புரவு வேலை செய்பவரும் ‘குறைந்த வருமானம்’ என்ற ஒரே தலைப்புக்குள் வந்துவிடலாம். பணத்தில் எவ்வளவு பங்கு 30 விழுக்காட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு என்று எழுத்தில் எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் அது கடைசியில் மேல்படிக்குப் போகும். மேல்படி வீட்டில் வாடகை அதிகம் வரும், கட்டடம் தன்னைத் தானே தாங்கும், கட்டுபவருக்குத் தலைவலி குறைவு.

அடிமட்டத்துக்கும் கீழே இன்னொரு வகை உண்டு. பல வருடம் தெருவில் இருந்தவர்கள், மனநோயோ போதைப்பழக்கமோ உடல் ஊனமோ சேர்ந்தவர்கள். இவர்களுக்கானது துணைச்சேவை வீடு: தன் பெயரில் வாடகை ஒப்பந்தம், தனிச் சமையலறை, பூட்டுச் சாவி, அதே கட்டடத்தில் ஒரு கேஸ் ஒர்க்கர், தேவைப்பட்டால் நர்ஸ், மனநல ஆலோசகர். வாடகை பெரும்பாலும் அவர் வருமானத்தில் 30 விழுக்காடு, மீதியை அரசு வவுச்சர் ஏற்கும். ‘முதலில் குடியை விடு, பிறகு வீடு தருகிறேன்’ என்ற பழைய வரிசையைத் திருப்பிப் போட்டவர்களில் முக்கியமானவர் சாம் செம்பெரிஸ். 1992-ல் நியூயார்க்கில் அவர் தொடங்கிய ‘பாத்வேஸ் டு ஹவுசிங்’ அமைப்புதான் ‘ஹவுசிங் ஃபர்ஸ்ட்’ முறைக்கு ஊற்றுக்கண்.

பத்திரம் வாங்க முடியாத பொருள்

வீட்டுக்கடன் கொடுத்த வங்கி உங்கள் மளிகைக் கணக்கை அடைக்காது. பொதுக் கடன் பத்திரமும் அப்படித்தான். நிலம் வாங்கலாம், கட்டலாம், பழைய கட்டடத்தை வாங்கிப் பழுதுபார்க்கலாம். கேஸ் ஒர்க்கருக்குச் சம்பளம் தர முடியாது. வாசலில் இரவுக் காவலாளி, லிஃப்ட் பராமரிப்பு, காப்பீட்டுத் தவணை என்று ஐம்பது வருடம் தொடரும் செலவுகளில் எதற்கும் அந்தப் பணம் உதவாது. என் பார்வையில் இந்த அத்தியாயத்தின் மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. ஒரு வீட்டுவசதிப் பத்திரத்தை எடைபோட அதன் மொத்தத் தொகை உதவாது. திறப்புவிழாவுக்கு மறுநாளிலிருந்து அந்தக் கட்டடத்தை நடத்தும் பணம் எங்கிருந்து வரும் என்பதற்கு அதில் பதில் இருக்கிறதா என்பதே எடைக்கல்.

இந்தப் பதிலைத் தயாராக வைத்திருந்த ஊர்கள் உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 2016 நவம்பரில் பத்திரத்துக்குச் சம்மதம் வாங்கியது, நாலே மாதத்தில், 2017 மார்ச்சில், கவுண்டி மெஷர் எச் என்ற கால் சென்ட் விற்பனை வரியைக் கொண்டுவந்தது. பத்து ஆண்டுக்கு, ஆண்டுக்குச் சுமார் 35.5 கோடி டாலர் எதிர்பார்த்து, முழுக்க வீடற்றோர் சேவைக்கு. 2024-ல் அதன் இடத்தில் அரை சென்ட் மெஷர் ஏ வந்தது. ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்ட் வட்டாரத்திலும் இதே ஜோடி: 2018-ல் கட்ட 65.28 கோடி டாலர் பத்திரம், 2020-ல் சேவைக்குத் தனி வரி. தனிநபரானால் 1,25,000 டாலருக்கும், கணவன் மனைவி சேர்ந்து கணக்குக் காட்டினால் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வரிக்குரிய வருமானத்தில் ஒரு விழுக்காடு.

பதில் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் லாஸ் ஏஞ்சலஸ்தான் சாட்சி. ஸ்கிட் ரோ ஹவுசிங் டிரஸ்ட் என்ற தொண்டு நிறுவனம் பல்லாண்டுகளாகத் துணைச்சேவை வீடுகளை நடத்தி வந்தது. 29 கட்டடங்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடியிருப்பவர்கள். அதன் சில கட்டடங்களின் வடிவமைப்பைக் கட்டடக் கலைஞர்கள் பாராட்டியிருக்கிறார்கள். 2023 தொடக்கத்தில் நடத்தப் பணமில்லை என்று அது கைவிரித்தது. நகரம் நீதிமன்றம் போய் ரிசீவர் நியமிக்க வேண்டிவந்தது. ஒழுகும் குழாயும் காலி அறைகளும் ஓடாத லிஃப்ட்டுமாகக் கட்டடங்கள் கிடந்தன. இவற்றில் பெரும்பாலானவை புதிய பத்திரப் பணத்தில் எழுந்தவை அல்ல. ஆனால் புதிதாக எழும் ஒவ்வொரு கட்டடத்துக்கும் இது நேரலாம்.

வவுச்சரும் சேவை மானியமும் பெருமளவு வாஷிங்டனிலிருந்து வருகின்றன. 2025 ஜூலையில் ‘ஹவுசிங் ஃபர்ஸ்ட்’ கொள்கைக்குக் கூட்டாட்சி அரசின் ஆதரவை முடிக்கச் சொல்லும் நிர்வாக ஆணை வெளியானது. அதன் பிறகு, ‘சேவைச் செலவைக் கூட்டாட்சி மானியம் பார்த்துக்கொள்ளும்’ என்று ஒரு திட்டம் சொன்னால் அதை முழுப் பதிலாக எடுத்துக்கொள்ள முடியாது. உள்ளூர் வருவாய் எவ்வளவு, எத்தனை வருடத்துக்கு என்று கேளுங்கள்.

லாஸ் ஏஞ்சலஸில் விலை ஏன் ஏறியது

அங்கே நிறைவேறிய பத்திரத்தின் பெயர் ப்ரொபசிஷன் எச்எச்எச். ஏறக்குறைய 77 விழுக்காடு ஆதரவு. பத்து ஆண்டில் 8,000 முதல் 10,000 வீடு என்றார்கள். முதல் கட்டடம், தெற்கு லாஸ் ஏஞ்சலஸில் 62 வீடுகள், திறக்கவே மூன்று வருடத்துக்கு மேல் ஆனது. 2019 அக்டோபரில் நகரத் தணிக்கை அதிகாரி ரான் கால்பெரின் வெளியிட்ட அறிக்கை, ஒரு வீட்டின் இடைநிலைச் செலவு 5,31,000 டாலர் என்றது. 2022 பிப்ரவரி அறிக்கையில், கட்டுமானத்தில் இருந்த வீடுகளின் சராசரி சுமார் 5,97,000. ஒரு திட்டத்தில் வீட்டுக்கு 8,37,000 வரை போகும் என்ற மதிப்பீடு தலைப்புச் செய்தியானது. ‘இந்தப் பணத்துக்கு வெளியில் ஒரு வீடே வாங்கலாமே’ என்று எல்லாரும் கேட்டார்கள். கேட்டதில் தப்பில்லை.

பத்திரப் பணம் ஒரு வீட்டின் முழுச் செலவையும் தருவதில்லை, ஒரு பகுதியைத்தான் தருகிறது என்பதில்தான் விடை இருக்கிறது. குறைந்த பணத்தை நிறைய வீடுகளுக்குப் பரப்ப வேண்டும் என்ற நல்ல எண்ணம். மீதியைக் கட்டுபவர் தேடி எடுக்க வேண்டும். பெரிய பங்கு 1986-ல் உருவான குறைந்த வருமான வீட்டு வரிக்கழிவு. வங்கிகளும் பெரிய நிறுவனங்களும் வரிக்கழிவுக்காகத் திட்டத்தில் முதலீடு செய்யும். அது கிடைக்காவிட்டால் அடுத்த சுற்றில் மறுபடி விண்ணப்பம். மாநில நிதி தனி, கவுண்டி நிதி தனி, வங்கிக் கடன் தனி. ஒவ்வொன்றுக்கும் தனி வக்கீல், தனி விதி, தனிக் கடைசித் தேதி. ஒரு பை நிறையக் காத்திருக்கும்போது சிமென்டும் கூலியும் ஏறுகின்றன. செலவில் 35 முதல் 40 விழுக்காடு செங்கல்லுக்கும் கம்பிக்கும் போகாமல் கட்டணம், ஆலோசனை, நிதிச்செலவு என்றே போகிறது என்பது 2019 அறிக்கையின் கண்டுபிடிப்பு. ‘பத்திரம் தரும் ஒரு டாலருக்கு வெளியிலிருந்து மூன்று டாலர் ஈர்ப்போம்’ என்ற வகை வாசகம் கையேட்டில் வரும்போது கை தட்டுமுன் யோசியுங்கள். அது மூன்று வரிசையில் நிற்பதற்கான வாக்குறுதியும்கூட.

சில திருத்தங்கள் வந்திருக்கின்றன. 2022 டிசம்பரில் மேயர் கேரன் பாஸ் பிறப்பித்த முதல் நிர்வாக ஆணை, முழுக்கக் கட்டுப்படியாகும் வீடுகளாக உள்ள திட்டங்களுக்கு அறுபது நாளில் அனுமதி தரச் சொன்னது. வரிக்கழிவில் ஒரு வகை பெற, திட்டச் செலவில் பாதியை வரிவிலக்குப் பத்திரத்தால் நிதியளிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. அந்தப் பத்திரங்களுக்கு மாநிலவாரி உச்சவரம்பு உண்டு என்பதால் கலிஃபோர்னியாவில் அதற்கும் கியூ. 2025-ம் ஆண்டுச் சட்டம், 2026 முதல் அதை நாலில் ஒரு பங்காகக் குறைத்திருக்கிறது. உங்கள் ஊர் பத்திரம் கேட்டால், பழைய கணக்கா புதிய கணக்கா என்று விசாரிக்கலாம்.

அதே பணம், ஒன்றரை மடங்கு வீடு

போர்ட்லாண்டைப் பற்றி இன்னும் கொஞ்சம். சட்ட வாசகம் எவ்வளவு பணம் பெறும் என்பதை அந்த ஊரைப்போல் காட்டிய இடம் எனக்குத் தெரியாது. 2016-ல் நகரம் 25.84 கோடி டாலர் பத்திரத்துக்குச் சம்மதம் வாங்கியது, இலக்கு 1,300 வீடு. ஆனால் ஆரிகன் அரசியல் சட்டம் உள்ளாட்சிகள் தங்கள் கடன் பலத்தைத் தனியாருக்குத் தருவதைத் தடுத்திருந்தது. அதனால் பத்திரப் பணத்தில் வந்த வீடுகள் அரசின் உடைமையாகவே இருக்க வேண்டியிருந்தது. தொண்டு நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து வரிக்கழிவு பெறும் வழி அடைபட்டது. 2018 நவம்பரில் மாநிலம் முழுவதும் மெஷர் 102 என்ற திருத்தத்துக்கு வாக்களித்து அந்தத் தடையை எடுத்தது. அதே நாளில் வட்டாரத்தின் 65.28 கோடி டாலர் பத்திரமும் வாக்குக்கு வந்தது. திருத்தம் தோற்றால் அந்தப் பணத்தில் 2,400 வீடு, வென்றால் 3,900 வீடு என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள். இரண்டும் வென்றன.

வெளிப்பணத்துக்குக் காத்திருப்பது செலவை ஏற்றும் என்று மேலே சொன்னேன், அது வீட்டின் எண்ணிக்கையைக் கூட்டும் என்று இங்கே சொல்கிறேன். இரண்டும் உண்மை. ஒரு பத்திரம் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்பதைத்தான் படித்துப் பார்க்க வேண்டும். முழுப் பணத்தையும் தன் கையிலிருந்தே போடும் ஒரு சிறு பங்கை, வேகத்துக்காக, ஒதுக்கி வைத்திருக்கும் திட்டம் எனக்குப் பிடிக்கும்.

வேகத்துக்கு இன்னொரு வழி, கட்டாமல் வாங்குவது. போர்ட்லாண்ட் தன் முதல் பத்திரப் பணத்தில் 2017-ல் எலிங்டன் என்ற 263 வீடுகள் கொண்ட குடியிருப்பை 4.7 கோடி டாலருக்கு வாங்கியது. வீட்டுக்குச் சுமார் 1,79,000 டாலர். புதிய வீடு பிறக்கவில்லை, ஆனால் வாடகை ஏறி வெளியேற இருந்தவர்கள் தப்பினார்கள். பத்திர வாசகத்தில் ‘கையகப்படுத்தல்’, ‘பாதுகாத்தல்’ போன்ற சொற்கள் இருந்தால்தான் இது முடியும். ‘கட்டுமானம்’ மட்டும் இருந்தால் முடியாது.

வாக்களித்த பிறகு

பெரும்பாலான பத்திரங்களில் குடிமக்கள் மேற்பார்வைக் குழு ஒன்று உண்டு. அதில் இடம் காலியாகும்போது கவுண்டி இணையதளத்தில் அறிவிப்பு வரும். கணக்கு, கட்டுமானம், மருத்துவம் தெரிந்தவர்களை அவர்கள் தேடுகிறார்கள், நம் சமூகத்தில் மூன்றுக்கும் பஞ்சமில்லை. குழுவிடம் ஆண்டறிக்கை கேளுங்கள். எத்தனை வீட்டுக்கு ‘நிதி ஒதுக்கப்பட்டது’ என்ற எண் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும். நீங்கள் தேட வேண்டியவை வேறு: எத்தனை வீட்டில் ஆள் குடியேறியிருக்கிறார்கள், ஒரு வருடம் கழித்து அவர்களில் எத்தனை பேர் அங்கேயே இருக்கிறார்கள், ஒரு கேஸ் ஒர்க்கருக்கு எத்தனை குடியிருப்பவர்கள், எத்தனை அறை காலியாகப் பூட்டிக் கிடக்கிறது.

எச்-1பி விசாவில் இருப்பவருக்கு வாக்குரிமை இல்லை. ஆனால் வீடு வாங்கியிருந்தால் இந்த வரியை அவரும் கட்டுகிறார். கலிஃபோர்னியாவின் 1953-ம் ஆண்டு பிரவுன் சட்டப்படி உள்ளாட்சிக் குழுக்களின் வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிகழ்ச்சி நிரலை வெளியிட வேண்டும். பொதுமக்கள் கருத்துச் சொல்லும் நேரத்தில் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். குடியுரிமையைக் காட்டச் சொல்லி எவரும் கேட்க முடியாது, பெயர் சொல்வதுகூடக் கட்டாயமில்லை. நேரம் சில நிமிடங்களே கிடைக்கும். அதில் சேவைப் பணத்தைப் பற்றிய கேள்வியை முதலில் கேளுங்கள்.